கினபாலு மலையில் என் மகள் சொன்ன பாதி செபம்

ஆண்டவருக்குள் பிரியமான எல்லாருக்கும் என் வணக்கம்.

மூன்று வருடங்களுக்கு முன் ஜூன் மாத விடுமுறையில், மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கும் கினபாலு மலையின் மொட்டைப் பாறையில் என் மகள் ஸ்டெல்லா காணாமல் போனாள். அங்கே மரம் இல்லை, செடி இல்லை. சாய்ந்து கிடக்கும் பாறையும், அதன் மேல் கட்டிய ஒரு கயிறும்தான். சுற்றிலும் மேகம். கையை நீட்டினால் விரல் மங்கலாகத்தான் தெரிந்தது. இனி அவளை உயிரோடு பார்க்க மாட்டேன் என்று நினைத்தேன். அவள் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

நான் மேடையில் பேசுகிற ஆள் இல்லை. ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. துறைமுகக் கிடங்கில் வேலை. நான்கு பேர் சேர்ந்து நின்றால் நான் ஐந்தாவதாகப் போய் நிற்க மாட்டேன், ஓரமாகப் போய்விடுவேன். ஆனால் இந்த விஷயத்தில் ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். அதனால் நடந்ததை நானே எழுதிக் கொடுக்கிறேன்.

சிங்கப்பூரில் எங்கள் புக்கிட் மேரா வட்டாரத்தில் அக்டோபர் மாதம் முழுவதும் மாலையில் வீடு வீடாகக் கூடிச் செபமாலை சொல்வோம். ஒருவர் ‘அருள் நிறைந்த மரியே’ என்று முன்பாதியைச் சொல்வார். மற்ற எல்லாரும் ‘அர்ச்சியசிஷ்ட மரியாயே’ என்று பின்பாதியைச் சொல்லி முடிப்போம். முன்பாதி சொல்லும் முறை ஒவ்வொருவருக்காகச் சுற்றி வரும். என் முறை வந்தால் நான் என் மனைவி லூர்துவைப் பார்ப்பேன். அவள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஆரம்பிப்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். கூட்டத்தோடு சேர்ந்து பின்பாதி சொல்ல எனக்குச் சிரமம் இல்லை. தனியாக என் குரல் எனக்கே கேட்டால் அடுத்த சொல் மறந்துவிடும்.

ஸ்டெல்லா அப்படி இல்லை. அவள் அம்மாவைப் போல. அப்போது நர்ஸ் வேலைக்குத் தாதிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கோயில் பங்கின் இளைஞர் குழு கினபாலு ஏறப் போகிறது, நானும் பெயர் கொடுத்துவிட்டேன் என்று ஒரு நாள் வந்து சொன்னாள்.

“அப்பா கூட வந்தா போ. இல்லன்னா வீட்ல இரு,” என்றாள் லூர்து.

“அம்மா, அது மலைம்மா. ஈஸ்ட் கோஸ்ட் பீச்சுல காத்து வாங்கப் போறது இல்ல.”

“அதனாலதான் சொல்றேன்.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மறுத்துவிடுவேன் என்று லூர்து நம்பியிருந்தாள். அது எனக்கும் தெரியும்.

“நான் போறேன்,” என்றேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து தேக்கா சந்தைக்குக் கறி வாங்கப் போனபோது, சாப்பாட்டுக் கடை மேசையில் லூர்துவின் அண்ணன் அந்தோணி மச்சான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய ஆட்கள். அதற்குள் செய்தி போயிருந்தது.

“வாங்க மாப்ளே. மலை ஏறப் போறீங்களாம். மாடியில தையக்காரன் கடைக்கு ஏறவே மூச்சு வாங்குவீங்களே.”

மேசை சிரித்தது. நான் டீயைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

“நீங்க போறது கெடக்கட்டும். பொம்பளப் புள்ள மலை ஏறி என்னத்த சாதிக்கப் போறா? கால் கீல் ஒடஞ்சா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்? சொல்லுங்க.”

“பாத்துக்கலாம் மச்சான்,” என்றேன்.

“என்னத்த பாப்பீங்க? அங்க போய் ஒரு சத்தம் போட முடியுமா உங்களால?”

டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். ஆனால் அன்று மாலையிலிருந்து எங்கள் புளோக்கின் மாடிப்படியில் ஏறி இறங்கத் தொடங்கினேன். முதுகுப் பையில் அரிசி மூட்டை. எதிர்வீட்டுச் சீன அம்மா தினமும் கதவைத் திறந்து, லிஃப்ட் கெட்டுப்போய்விட்டதா என்று மலாயில் கேட்பார். இல்லை என்பேன். பிறகு ஏன் நடக்கிறாய் என்பார். மலை ஏற என்பேன். சிங்கப்பூரில் ஏது மலை என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துவார். சிரிக்கட்டும் என்று ஏறினேன். எனக்குள்ளே இப்படி ஒரு பிடிவாதம் இருப்பது அதுவரை எனக்கே தெரியாது.

மலையில் முதல் நாள் காட்டுக்குள் ஏற்றம். வேர்களைப் பிடித்து, சேற்றில் வழுக்கி, மாலையில் இரவு தங்கும் குடிசைக்குப் போய்ச் சேர்ந்தோம். குழுவை நடத்தியவர் பெனடிக்ட், ஓர் இளம் ஆசிரியர். வழிகாட்டி சாபின் அந்த ஊர்க்காரர், என் வயதுதான் இருக்கும். மலாய் பேசுவார். எனக்குத் தெரிந்ததும் கிடங்கு மலாய்தான் என்பதால் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டோம்.

வழக்கமாக உச்சிக்கு இருட்டிலேயே கிளம்பி, காலை மேகம் வருவதற்கு முன் இறங்கிவிடுவார்களாம். எங்களுக்கு விடியும் வரை மழை. மழை விட்டபோது நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. சாபின் வானத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இளைஞர்கள் கெஞ்சினார்கள். வேகமாகப் போய் வேகமாக இறங்க வேண்டும் என்று சொல்லிக் கூட்டிப்போனார்.

மரங்கள் முடிந்து பாறை தொடங்கியது. செங்குத்தான முதுகு போல மேலே மேலே போகும் பாறை. இரண்டு பக்கமும் பார்க்க மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன். கயிற்றைப் பிடித்து ஏறினோம். குளிரில் விரல்கள் என் விரல்கள் மாதிரியே இல்லை. உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் என் முழங்கால் மடங்க மறுத்துவிட்டது.

“பா, இங்கயே உக்காருங்க. கயித்த விடாதீங்க,” என்றாள் ஸ்டெல்லா. “நான் மேல போய்ப் பாத்துட்டு வந்து உங்களக் கூட்டிட்டுப் போறேன்.”

“உனக்கு எதுக்கு ரெண்டு தடவை?”

“நீங்க உச்சியில நிக்கிற போட்டோ வேணும் லா. அந்தோணி மாமாவுக்குப் பெருசா பிரேம் போட்டுக் குடுக்கணும்.”

சிரித்துக்கொண்டே போனாள். அவள் நீல மழைக்கோட்டு சின்னதாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மேகம் வந்தது. மேலிருந்து வரவில்லை. காலுக்குக் கீழே பள்ளத்திலிருந்து கிளம்பி, பாறையின் மேல் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடியது. சற்று நேரத்தில் கயிற்றைப் பிடித்தபடி ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கடைசியில் சாபின்.

“அங்கிள், ஸ்டெல்லா எங்க?” என்றார் பெனடிக்ட்.

“உங்க கூடத்தானே மேல வந்துச்சு.”

“உங்களக் கூட்டிட்டு வர்றேன்னு எங்களுக்கு முன்னாடியே எறங்கிட்டாளே.”

உச்சிக்கும் எனக்கும் நடுவில் ஒரு துண்டுப் பாறையில் கயிறு இல்லை. அங்கேதான் வழி தவறியிருக்கிறாள் என்று சாபின் சொன்னார். எல்லாரும் கத்தினார்கள். ஸ்டெல்லா, ஸ்டெல்லா என்று ஒரே நேரத்தில் பத்து வாய். சாபின் விசில் ஊதினார். ஒரு சத்தம் பாறையில் பட்டு நான்காகத் திரும்பி வந்தது. ஒரு பையன் வலது பக்கம் குரல் கேட்டது என்றான். ஒரு பெண் இடது பக்கம் என்றாள். அடுத்த நொடி மறுபடி எல்லாரும் கத்தினார்கள். காற்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது.

மழை மறுபடி தூறத் தொடங்கியது. பாறையில் தண்ணீர் வழிந்தது. இரண்டு பெண்பிள்ளைகள் நடுங்கிக்கொண்டு அழுதார்கள். சாபின் முடிவு செய்துவிட்டார். முதலில் இவர்களை இறக்க வேண்டும், பிறகு வேறு வழிகாட்டிகளைக் கூட்டிக்கொண்டு வந்து தேடுவேன் என்றார். என் தோளைத் தட்டி, “துருன்,” என்றார். இறங்கு என்று அர்த்தம்.

“தா மாவு,” என்றேன். மாட்டேன்.

அவர் மறுபடி சொன்னார். நான் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். பெனடிக்ட் குனிந்து, “அங்கிள், ப்ளீஸ், சொல்றதைக் கேளுங்க,” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

“தம்பி, நீங்க மத்த புள்ளைங்களப் பாருங்க. என் புள்ள இங்க இருக்கு. நான் எறங்க மாட்டேன்.”

கிடங்கில் மேஸ்திரி சொன்னால் சரி. வீட்டில் லூர்து சொன்னால் சரி. மச்சான் சொன்னாலும் சரி. என் வாழ்க்கையில் ஒருவரிடம் முடியாது என்று நேராகச் சொன்னது அன்றுதான். சாபின் கோபமாக ஏதோ சொன்னார். பிறகு தன் தடித்த கோட்டைக் கழற்றி என் மேல் போட்டார். கயிற்றை விடக் கூடாது, ஓர் அடி நகரக் கூடாது, நகர்ந்தால் இரண்டு பேரைத் தேட வேண்டிவரும் என்றார். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனார்.

அவர்களுடைய காலடிச் சத்தம் அடங்கியது. நான் மட்டும் இருந்தேன்.

என் செபம் அழகான செபம் இல்லை. உங்களிடம் மறைக்க மாட்டேன். “ஆண்டவரே, என் புள்ளையைக் குடு. குடுக்காம நான் இந்த இடத்தை விட்டு எந்திரிக்க மாட்டேன். எடுத்துக்கறதுன்னா ரெண்டு பேரையும் எடுத்துக்க. லூர்துகிட்ட நீயே போய்ச் சொல்லிக்க.” இப்படித்தான் மனதுக்குள் சொன்னேன். சண்டை போடுகிற மாதிரி சொன்னேன். பதில் இல்லை. மேகம் இன்னும் தடித்தது. அப்போதுதான் தொடக்கத்தில் சொன்ன அந்த நினைப்பு வந்தது, இனி இல்லை என்று. அதுதான் என் அடிமட்டம்.

அந்த அடிமட்டத்தில் என் வாய் திறந்தது. நான் திறக்கவில்லை. “அருள் நிறைந்த மரியே வாழ்க” என்று என் குரல் வந்தது. சத்தமாக. பாறை அதிரும்படி. நான் ஒருநாளும் சொல்லாத முன்பாதியைக் கடைசிவரை சொன்னேன். அதோடு நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்றால், அந்த இடத்தில் நிறுத்தித்தான் பழக்கம். பின்பாதி மற்றவர்களுடையது. எத்தனை வருடம் எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

நிறுத்திய இடத்தில், இடது பக்கம், நான் இருந்ததை விடக் கீழே, நூல் மாதிரி ஒரு குரல்.

“அர்ச்சியசிஷ்ட மரியாயே...”

என் மனம்தான் விளையாடுகிறது என்று நினைத்தேன். மறுபடி முன்பாதி சொன்னேன். நிறுத்தினேன். மறுபடி அதே இடத்திலிருந்து, “பாவிகளாயிருக்கிற எங்களுக்காக, இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்...”

அவள்தான்.

எழுந்து ஓடத் துடித்தேன். கயிறு கையில் சுற்றியிருந்தது. கொடுத்த சத்தியமும் இருந்தது. உட்கார்ந்தே சொன்னேன். நான் சொல்ல அவள் அமைதியாகக் கேட்டாள். அவள் சொல்ல நான் அமைதியாகக் கேட்டேன். எல்லாரும் கத்தியபோது அவளும் கத்தியிருக்கிறாள். ஆனால் அவள் கத்திய நேரமெல்லாம் நாங்களும் கத்தினோம். அதனால் ஒருவர் காதிலும் விழவில்லை. இதைப் பிற்பாடு அவள் சொன்னாள்.

ஈரப் பாறையில் சறுக்கிப்போய் ஒரு பிளவில் கால் மாட்டி, கணுக்கால் திரும்பி, அசைய முடியாமல் கிடந்தாள். அதற்குக் கீழே பாறை இல்லை, காற்றுதான். குளிரில் அவளுக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது. அந்தக் குளிரில் தூங்கக் கூடாது என்று தாதிப் படிப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம். தெரிந்தும் கண் சொக்கியிருக்கிறது.

ஒரு கட்டத்தில் பின்பாதி பாதியில் நின்றுபோனது.

“ஸ்டெல்லா, சொல்லு,” என்று அதட்டினேன். நான் அவளை அதட்டியதே கிடையாது. “முடிச்சிட்டுத் தூங்கு. ஆமென் சொல்லாம தூங்கக் கூடாது.”

சிறிது நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, “...வேண்டிக்கொள்ளும். ஆமென்.”

நான் விடவில்லை. ஒன்று முடிந்ததும் அடுத்தது. மூச்சுவிட இடம் கொடுக்கவில்லை. திடீரென்று மேகத்துக்குள்ளிருந்து ஈனக்குரலில்,

“பா.”

“என்னம்மா?”

“பத்து எப்பவோ தாண்டிருச்சு. திரித்துவப் புகழ் சொல்லணும்.”

செபமாலையில் பத்துப் பத்தாகச் சொல்லி நிறுத்த வேண்டும், எனக்கு அதுவே மறந்துபோயிருந்தது. மரணத்தின் வாசலில் கிடந்துகொண்டு என் மகள் என்னைத் திருத்துகிறாள். அங்கேதான் நான் அழுதேன். அழுதுகொண்டே, “நீ வந்து எண்ணு. நான் இப்படித்தான் சொல்லுவேன்,” என்றேன்.

சாபின் இன்னும் இரண்டு வழிகாட்டிகளோடு ஏறி வந்தார். கீழேயிருந்து ஏறி வரும்போதே என் சத்தம் கேட்டதாம். பயத்தில் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தாராம். நான் கையைக் காட்டி, பேசாதே, கேள் என்றேன். முன்பாதி சொன்னேன். பின்பாதி வந்தது. அவர் முகம் மாறியது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, நான் முன்பாதி சொல்லச் சொல்ல, பின்பாதி வருகிற திசையைப் பார்த்து அடி அடியாக இறங்கினார். கண்ணால் அவர் அவளைப் பார்த்தது கைக்கு எட்டும் தூரத்தில்தான்.

அவளை முதுகில் கட்டித் தூக்கி வந்தார். அவள் உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்ததும், “போட்டோ எடுக்கலையே பா,” என்றாள்.

மேகம் விலகி வெயில் அடித்தது என்று நான் எழுத மாட்டேன். விலகவில்லை. குடிசைக்குப் போய்ச் சேரும் வரை அதே மேகம், அதே மழை. எங்களுக்கு மேகம் விலகத் தேவைப்படவில்லை.

சிங்கப்பூர் திரும்பியதும் பேச்சு கிளம்பியது. அந்தோணி மச்சான் வீட்டுக்கே வந்தார். கட்டுப்போட்ட காலோடு ஸ்டெல்லா நாற்காலியில் இருந்தாள்.

“நான் சொன்னேன்ல. பொண்ணு போகக் கூடாத எடத்துக்குப் போனா இப்படித்தான். கடவுள் ஒரு தட்டுத் தட்டிக் காட்டிட்டாரு.”

முன்பெல்லாம் நான் எழுந்து அடுப்படிக்குப் போயிருப்பேன். அன்று போகவில்லை.

“மச்சான், அங்க கடவுள் இருந்தாரு. நானும் இருந்தேன். நீங்க இல்ல. அவரு தட்டல. தூக்கினாரு.”

லூர்து கையிலிருந்த காப்பித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். மச்சான் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

பெனடிக்ட் வேறு மாதிரி சொன்னார். அவர் நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னார். “அங்கிள், ஒருத்தர் பேச ஒருத்தர் கேட்டா சத்தம் வர்ற திசை தெரியும். எதைச் சொல்லியிருந்தாலும் தெரிஞ்சிருக்கும்.”

இருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. கூட்டத்தில் ஒரு வாக்கியம் தனியாகச் சொல்லாத இந்த வாயை அன்று திறந்தது யார்? கண் சொக்கிக் கிடந்த ஒரு பெண்ணை, பாதியில் நின்ற செபத்தை முடிக்காமல் விட முடியாதபடி வளர்த்தது யார்? அத்தனை வருடம் அத்தனை வீடுகளில் எங்களை உட்காரவைத்துப் பழக்கியது எதற்காக? படித்தவர்கள் யோசித்துச் சொல்லட்டும். என் பதில் எனக்குத் தெரியும். யார் வந்து கேட்டாலும் அதே பதில்தான் சொல்வேன்.

அந்த வருடம் அக்டோபரில் முறை வந்தபோது லூர்து வழக்கம்போல ஆரம்பிக்க மூச்சை இழுத்தாள். நான் ஆரம்பித்துவிட்டேன். குரல் நடுங்கியது. இப்போதும் நடுங்குகிறது. நடுங்கினால் நடுங்கட்டும். வேலையிடத்திலும் தேவையான இடத்தில் முடியாது என்று சொல்கிறேன். உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போலக் கூச்சப்பட்டவர்கள் இருப்பீர்கள். நோயில், கஷ்டத்தில், பிள்ளையைப் பற்றிய பயத்தில், மனதுக்குள் முனகிக்கொண்டு இருப்பீர்கள். நான் சொல்கிறேன், வாயைத் திறந்து கேளுங்கள். அழகாகக் கேட்கத் தெரியாவிட்டால் சண்டை போட்டுக் கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் போட்ட சண்டைக்கு என் மகளைக் கொடுத்தவர் அவர். அவருக்கும் தேவ தாயாருக்கும் என் உயிர் உள்ளவரை நன்றி.

ஸ்டெல்லா இப்போது தாதியாக வேலை பார்க்கிறாள். கால் சரியாகிவிட்டது. வருகிற ஜூனில் இளைஞர் குழு மறுபடி கினபாலு போகிறது. அவளும் பெயர் கொடுத்திருக்கிறாள். நானும் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை லூர்து தடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் கையுறை பின்னிக்கொண்டிருக்கிறாள்.

போன ஞாயிறு பூசை முடிந்து வாசலில் மச்சான் என்னை நிறுத்தினார்.

“மறுபடியும் போறீங்களாமே. அவ்வளவு பட்டும் புத்தி வரலையா மாப்ளே?”

“வரல மச்சான்,” என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.